கிடாரியா, பசுவா? காகிதத்தில் விழும் ஆங்கிலப் பெயரைக் கவனியுங்கள்

என் பெரியப்பா கடன் வாங்கி ஒரு கலப்பினச் சினைக் கிடாரி வாங்கினார். நாலு பல் போட்டது. தலையீற்றுச் சினை. கடனோடு காப்பீடும் சேர்ந்து வந்தது. காதில் வில்லை குத்தினார்கள். படிவத்தை நிரப்பியவர், "என்ன பிராணி?" என்று கேட்டார். "மாடுங்க" என்றார் பெரியப்பா. அவர் ஆங்கிலத்தில் 'கௌ' என்று எழுதிக் கொண்டார். எத்தனையாவது ஈற்று என்ற கட்டத்தில் அவராகவே 2 என்று போட்டார். பெரியப்பா கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு மாட்டை ஓட்டிக் கொண்டு வந்தார்.

மூன்று மாதம் கழித்துக் கன்று ஈனும்போது கன்று குறுக்கே மாட்டிக் கொண்டது. நடு இரவு. டாக்டர் வந்து சேர்வதற்குள் மாடும் போய்விட்டது, கன்றும் போய்விட்டது. மறுநாள் பிரேதப் பரிசோதனை செய்த கால்நடை டாக்டர், கண்டதைக் கண்டபடி எழுதினார்: 'ஹெஃபர்', முதல் ஈற்று. காப்பீட்டு அலுவலகத்தில் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் கௌ, மற்றதில் ஹெஃபர். ஒன்றில் இரண்டாவது ஈற்று, மற்றதில் முதல் ஈற்று. "நீங்கள் காப்பீடு செய்த மாடு வேறு, செத்த மாடு வேறு" என்று சொல்லிவிட்டார்கள்.

காது வில்லையின் எண் ஒன்றாக இருந்ததால் கடைசியில் பணம் வந்தது. அதற்கு டாக்டரின் விளக்கக் கடிதம் வேண்டியிருந்தது. ஏழு மாதம் அலைச்சல். இடையில் தவணை கட்ட நான்கு வெள்ளாடுகளை விற்றார். இத்தனைக்கும் யாரும் பொய் சொல்லவில்லை. பெரியப்பா சொன்ன 'மாடு' என்ற சொல்லும் சரி. எழுதியவர் அதற்குப் போட்ட ஆங்கிலச் சொல்தான் தவறு.

கால்நடை வளர்ப்போர் கையில் வரும் காகிதங்கள் பல இன்றும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. கடன் பத்திரம், காப்பீட்டுப் பத்திரம், சினை ஊசி அட்டை, தடுப்பூசிச் சான்று, திட்ட மதிப்பீடு ஆகிய எல்லாவற்றிலும் ஆண் பிராணிக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர், இளசுக்கு ஒரு பெயர் என்று வருகின்றன. ஆங்கிலம் படிக்காத விவசாயியும் இந்த இருபது முப்பது சொற்களை அறிந்து வைத்துக் கொள்ளலாம். கடினமான காரியம் அல்ல.

'மாடு' என்றால் ஆங்கிலத்தில் என்ன?

தமிழில் மாடு என்பது பொதுச்சொல். பசுவும் மாடு, எருதும் மாடு. ஆங்கிலத்தில் இத்தகைய பொதுச்சொல் ஒருமையில் இல்லை. கூட்டமாகச் சொல்ல 'கேட்டில்' என்ற சொல் உண்டு. ஆனால் அதைக் கொண்டு ஒரு மாட்டைச் சொல்ல முடியாது. பத்து மாடு என்பதை 'பத்துத் தலை கேட்டில்' என்றுதான் அவர்கள் எண்ணுவார்கள். ஆண், பெண் தெரியாமல் தூரத்தில் நிற்கும் ஒரே ஒரு மாட்டைக் குறிக்க ஆங்கிலேயருக்கும் தடுமாற்றம்தான். பேச்சு வழக்கில் அவர்களும் 'கௌ' என்றே சொல்லி ஒப்பேற்றுகிறார்கள். ஆனால் கௌ என்பதன் சரியான பொருள் கன்று ஈன்ற பசு மட்டுமே.

ஆகவே நாம் 'மாடு' என்று சொல்லும் போதெல்லாம் எழுதுகிறவர் கைக்கு முதலில் வருவது 'கௌ' என்ற சொல்தான். அது கிடாரியாக இருக்கலாம், உழவு மாடாகவும் இருக்கலாம். பேச்சில் இதனால் நஷ்டம் இல்லை. காகிதத்தில் உண்டு.

மூன்று கேள்விகள்

ஆங்கிலேயப் பண்ணைக்காரர்கள் ஒரு பிராணிக்குப் பெயர் வைக்கும்போது மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருக்கிறார்கள்.

ஒன்று: ஆணா, பெண்ணா?

இரண்டு: பெண்ணானால், ஈன்றதா, இன்னும் ஈனாததா?

மூன்று: ஆணானால், பொலிக்கு உள்ளதா, காயடித்ததா?

இந்த மூன்றும் விலையைத் தீர்மானிக்கிற கேள்விகள். ஈனாத பெண்ணுக்கு ஒரு விலை, ஈன்று கறக்கும் பெண்ணுக்கு ஒரு விலை. பொலிக்கு நிற்கும் ஆணுக்கும் காயடித்த ஆணுக்கும் விலை வேறு, தீனி வேறு, வேலை வேறு. சந்தையில் எதற்கு விலை வேறோ அதற்குப் பெயரும் வேறு. மாடு, ஆடு, பன்றி, கோழி என்று எந்தப் பிராணியை எடுத்தாலும் இந்த மூன்று கேள்விகளையும் மனதில் வைத்துக் கொண்டால் ஆங்கிலப் பெயர்கள் தாமே வரிசையில் வந்து நிற்கும்.

பெண் மாடு

கன்றுக்குப் பொதுப்பெயர் 'காஃப்'. இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பெண் கன்றை 'ஹெஃபர் காஃப்' என்றும் ஆண் கன்றை 'புல் காஃப்' என்றும் பிரித்து எழுதுவார்கள்.

பெண் கன்று வளர்ந்து, இன்னும் ஈனாமல் இருந்தால் அது ஹெஃபர், அதாவது நம் கிடாரி. இந்தச் சொல்லை எழுத்துக் கூட்டினால் 'ஹைஃபர்' என்று படிக்கத் தோன்றும். உச்சரிப்பு ஹெஃபர்தான். சினைப்பட்ட கிடாரியும் ஈனும் வரை ஹெஃபர்தான். கன்று ஈன்ற பிறகு அது கௌ.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தலையீற்று ஈன்ற மாட்டை, இரண்டாவது கன்று போடும் வரை 'முதல் கன்று ஹெஃபர்' என்றே அழைக்கும் வழக்கமும் ஆங்கிலப் பண்ணைகளில் இருக்கிறது. ஆகவே ஒருவர் கௌ என்றும் மற்றவர் ஹெஃபர் என்றும் ஒரே மாட்டை எழுத இடம் உண்டு. இதற்கு ஒரே பரிகாரம், பெயரோடு ஈற்றின் எண்ணிக்கையையும் எழுதச் சொல்வதுதான். 'ஈனாதது', 'ஒரு ஈற்று', 'இரண்டு ஈற்று' என்று எண் இருந்துவிட்டால் பெயர் எப்படி இருந்தாலும் குழப்பம் வராது.

பசுவின் நிலையைச் சொல்ல மேலும் சில சொற்கள் உள்ளன. கறவையில் இருப்பது 'இன் மில்க்'. கறவை வற்றியது 'டிரை'. கால்நடைக் கணக்கெடுப்பிலும் வயது வந்த பெண் மாடுகளைக் கறவையில் உள்ளவை, வற்றியவை, ஒருமுறையும் ஈனாதவை என்றே பிரித்து எழுதுகிறார்கள். கணக்கெடுக்க வருபவர் கேட்கும்போது இதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

ஹெஃபர் என்ற சொல் வரும் இடங்கள்

இந்த ஒரு சொல்லைத் தெரிந்து கொண்டால் இரண்டு முக்கியமான இடங்களில் பயன்படும்.

முதலாவது, கருச்சிதைவு நோய் எனப்படும் புருசெல்லோசிஸ் தடுப்பூசி. 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த ஊசி சேர்க்கப்பட்டது. இது 4 மாதம் முதல் 8 மாதம் வரையுள்ள பெண் கன்றுகளுக்கு மட்டும், ஆயுளில் ஒருமுறை போடுவது. காளைக் கன்றுக்குப் போட்டால் விதை வீக்கம் வரலாம். சினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீசிவிடலாம். மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. ஆகவே டாக்டரைத் தவிர வேறு யாரும் அதைக் கையாளக் கூடாது. அறிவிப்பில் 'ஹெஃபர் காஃப்' அல்லது 'ஃபீமேல் காஃப்' என்று கண்டால் அது உங்கள் பெண் கன்றைத்தான் குறிக்கிறது.

இரண்டாவது, பெண் கன்றையே தரும்படி பிரித்தெடுத்த விந்துக் குச்சி. இதில் 100-க்கு 90 வரை பெண் கன்று கிடைக்கிறது. ஆனால் ஒரு குச்சியில் உயிரணுக்கள் குறைவு என்பதால் சினைப் பிடிக்கும் வாய்ப்பும் சற்றுக் குறைவு. எனவே நல்ல உடற்கட்டுள்ள கிடாரிகளுக்கும், ஓரிரு ஈற்று ஈன்ற ஆரோக்கியமான பசுக்களுக்கும் முதலிடம் கொடுத்துப் போடுகிறார்கள். சினை ஊசி அட்டையில் உங்கள் மாடு ஹெஃபரா, கௌவா என்று சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும்.

ஆண் மாடு

காயடிக்காத ஆண் மாட்டின் பெயர் 'புல்'. தமிழ் எழுத்தில் எழுதினால் மாடு தின்னும் புல்லைப் போலவே இருக்கும். பொலிகாளை, கோயில் காளை, மஞ்சுவிரட்டுக் காளை எல்லாம் புல்தான்.

காயடித்த ஆணுக்கு 'புல்லக்' என்று பெயர். நம் நாட்டு ஆங்கிலத்தில் புல்லக் என்றால் உழவு மாடு, வண்டி மாடு. இங்கிலாந்தில் ஏர் மாடு போய் நெடுங்காலம் ஆகிவிட்டதால், அங்கே இன்று புல்லக் என்றால் இறைச்சிக்காகக் காயடித்து வளர்க்கும் இளம் ஆண். அதையே அமெரிக்காவில் 'ஸ்டியர்' என்கிறார்கள். உழைக்கும் எருதுக்கு 'ஆக்ஸ்' என்ற சொல்லும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்டால் 'ஆக்ஸன்'.

புல் என்பதற்கும் புல்லக் என்பதற்கும் நடுவே உள்ள வேறுபாடு மதிப்பீட்டில் பெரிது. காயடித்த உழவு மாட்டைப் பத்திரத்தில் புல் என்று எழுதிவிட்டால், பின்னால் ஏதும் நேர்ந்து டாக்டர் பரிசோதிக்கும்போது சான்று மாறிவிடும். இதற்கும் பெரியப்பாவின் கதைதான்.

ஒரு ஆங்கிலச் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழ்நாடு நன்றாகவே பார்த்திருக்கிறது. காட்சிக்குப் பழக்கக் கூடாத பிராணிகளின் பட்டியலில் 2011 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 'புல்' என்ற சொல்லைச் சேர்த்தது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டையும் மகாராஷ்டிரத்தின் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் சேர்த்தே நிறுத்தியது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு பட்டியலில் சேர்ந்த ஒரே ஒரு சொல் தொடர்பான வழக்கு இவ்வளவு தூரம் போனது.

2019-ல் நடந்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள மாடுகள் சுமார் 19 கோடியே 25 லட்சம். அதில் பெண் மாடுகள் 14 கோடியே 51 லட்சம். மீதி 4 கோடியே 74 லட்சம் மட்டுமே ஆண். டிராக்டர் வந்து ஏர் மாடு குறைந்ததே முக்கியக் காரணம். மாடு என்றதும் கௌ என்று எழுதும் பழக்கம் ஏன் வலுக்கிறது என்பதும் இந்தக் கணக்கிலிருந்து புரியும்.

இரட்டைக் கன்றில் ஒரு எச்சரிக்கை

'ஃப்ரீமார்ட்டின்' என்று ஒரு சொல். பலருக்குத் தெரியாதது. ஆனால் கறவை மாடு வளர்ப்போர் கட்டாயம் அறிய வேண்டியது.

பசு இரட்டைக் கன்று போடும்போது ஒன்று ஆண், ஒன்று பெண்ணாக இருந்தால், அந்தப் பெண் கன்றுக்கு ஆங்கிலத்தில் ஃப்ரீமார்ட்டின் என்று பெயர். இத்தகைய பெண் கன்றுகளில் 100-க்கு 90-க்கு மேல் மலடு. கருவில் இருக்கும்போது இரண்டு கன்றுகளின் நஞ்சும் ஒட்டி, இரத்த ஓட்டம் ஒன்றாகக் கலந்து விடுகிறது. ஆண் கன்றிடமிருந்து வரும் சுரப்பு, பெண் கன்றின் கருப்பையையும் சினைப்பையையும் சரியாக வளர விடுவதில்லை. லண்டனில் இருந்த ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் 1779-லேயே இதைப் பற்றி எழுதி வைத்தார். காரணத்தை 1916-ல் விளக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி ஃபிராங்க் லில்லி.

வெளியே பார்த்தால் நல்ல கிடாரி போலவே வளரும். இரண்டு வருஷம் தீனி போட்ட பிறகுதான் பருவத்துக்கு வராதது தெரியும். எனவே இரட்டையில் ஆணோடு பிறந்த பெண் கன்றை வளர்க்கும் முன் கால்நடை டாக்டரிடம் காட்டிப் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். விலைக்கு வாங்கும்போதும், "இது ஒற்றையா, இரட்டையா? இரட்டையானால் கூடப் பிறந்தது என்ன?" என்று கேட்பது நல்லது. இரண்டும் பெண்ணாக இருந்தால் இந்தப் பயம் இல்லை. ஆடுகளில் இரட்டைக் குட்டி சகஜம். அங்கே இந்தக் கோளாறு அபூர்வம்.

எருமை

எருமைக்கு ஆங்கிலத்தில் தனிப் பெயர்கள் இல்லை. மாட்டின் பெயர்களையே 'பஃபலோ' என்பதோடு சேர்த்து எழுதுகிறார்கள். கடா, 'பஃபலோ புல்'. ஈன்ற எருமை, 'பஃபலோ கௌ'. ஈனாதது, 'பஃபலோ ஹெஃபர்'. நம் நாட்டு அலுவலகங்களில் பெண் எருமையை 'ஷீ பஃபலோ' என்று எழுதும் வழக்கமும் உண்டு. வெறும் கௌ என்று மட்டும் எழுதியிருந்தால் அது பசுவாகிவிடும். பஃபலோ என்ற சொல் கூடவே இருக்க வேண்டும்.

வெள்ளாடும் செம்மறியும்

நாம் இரண்டையும் ஆடு என்கிறோம். ஆங்கிலத்தில் இவை இரண்டு தனி இனம், பெயர்களும் தனித்தனி.

வெள்ளாட்டில் கிடா 'பக்'. பெட்டை 'டோ'. குட்டி 'கிட்'. பேச்சு வழக்கில் கிடாவை 'பில்லி' என்றும் பெட்டையை 'நேனி' என்றும் சொல்வதுண்டு.

செம்மறியில் கிடா 'ரேம்'. பெட்டை 'யூ'. குட்டி 'லேம்'. சில வட்டாரங்களில் நாம் மறி என்கிற பெட்டைதான் யூ. ஆங்கிலத்தில் 'நீ' என்று சொல்லும் சொல்லும் இதே ஒலிதான், எழுத்து வேறு.

காயடித்த கிடாவுக்கு இரு இனத்திலும் 'வெதர்' என்று பெயர். வானிலையைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலிக்கும். பழைய ஆங்கிலேய இடையர்கள் சாதுவான ஒரு வெதரின் கழுத்தில் மணி கட்டி மந்தைக்கு முன்னால் நடக்க விடுவார்கள். மணிச் சத்தத்தைக் கேட்டு மற்ற ஆடுகள் பின்னால் வரும். காயடித்த கிடா பெட்டையைத் துரத்தாது, சண்டைக்கும் போகாது. அதனால்தான் அந்தப் பொறுப்பு அதற்கு.

திட்டக் கடனில் இந்தச் சொற்கள் நேராகப் பணத்தைத் தொடுகின்றன. 2021-ல் திருத்தி அமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கத்தில் ஆட்டுப் பண்ணைகள் 100-க்கு 5, 200-க்கு 10 என்று வகுக்கப்பட்டன. முதல் எண் பெட்டை, இரண்டாவது எண் கிடா. அதாவது 20 பெட்டைக்கு ஒரு கிடா. ஆங்கில மதிப்பீட்டில் இது '100 டோ, 5 பக்' என்றோ '100 யூ, 5 ரேம்' என்றோ வரும். வெள்ளாடு வளர்க்க நினைப்பவர் காகிதத்தில் யூ, ரேம் என்று இருந்தால் அது செம்மறிக்கான மதிப்பீடு. விலை வேறு, தீனி வேறு, மேய்ச்சலும் வேறு. அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.

பக், டோ என்ற சொற்கள் முயலுக்கும் வரும். ஆண் முயல் பக், பெண் முயல் டோ. ஆகவே பிராணியின் இனப் பெயர் முன்னால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளாட்டின் இனப் பெயர் 'கோட்', செம்மறிக்கு 'ஷீப்', முயலுக்கு 'ரேபிட்'.

பன்றி

வெண்பன்றி வளர்ப்போருக்கு நான்கு சொற்கள் போதும். பொலிக்கு உள்ள ஆண் 'போர்'. நம் வைக்கோற் போரை நினைத்துக் கொண்டால் மறக்காது. ஈன்ற பெண் 'சௌ'. முதல் ஈற்று ஈனாத இளம் பெண் 'கில்ட்'. காயடித்த ஆண் 'பேரோ'. மாட்டில் ஹெஃபருக்கும் கௌவுக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கே கில்ட்டுக்கும் சௌவுக்கும். இனப்பெருக்கத்துக்கு வாங்கும்போது கில்ட் என்று விலை பேசிவிட்டு, பல ஈற்று ஈன்று கழித்த சௌவை ஓட்டிவிடுவார்கள். மடிக் காம்புகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பால் கொடுத்த காம்பு நீண்டு தொங்கும்.

கோழி, வாத்து

கோழியில் சேவல் 'காக்'. அமெரிக்க வழக்கில் 'ரூஸ்டர்'. பெட்டைக் கோழி 'ஹென்'. குஞ்சு 'சிக்'. ஒரு வயதுக்கு உட்பட்ட இளஞ்சேவல் 'காக்கரெல்'. ஒரு வயதுக்கு உட்பட்ட இளம் பெட்டை 'புல்லட்'. மோட்டார் சைக்கிளின் பெயரைப் போல் தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு. கிராமத்தில் வெடைக்கோழி என்று சொல்கிறோமே, அதுதான் புல்லட். காயடித்துக் கொழுக்க வைத்த சேவலுக்கு 'கேப்பன்' என்று பெயர்.

முட்டைக் கோழி வாங்குவோர் புல்லட் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முட்டையிடும் பருவத்தை நெருங்கும் புல்லட் வாங்கினால் முழுக் காலமும் முட்டை நமக்கு. ஹென் என்று எழுதிக் கொடுத்தால் அது ஏற்கெனவே முட்டையிட்டுக் கழித்த கோழியாகவும் இருக்கலாம். கொண்டை, கால், வயது ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்.

வாத்துக்குப் பொதுப்பெயர் 'டக்'. பெண் வாத்துக்கும் அதே பெயர். ஆண் வாத்து 'டிரேக்'. வளர்ந்த நாட்டு வாத்தில் வால் மேல் சுருண்ட இறகு இருந்தால் அது டிரேக். குரலிலும் அடையாளம் உண்டு. உரக்கக் கத்துவது பெண்; ஆணின் குரல் கரகரப்பாக, மெதுவாக இருக்கும். தாராவில் ஆண் 'கேண்டர்', பெண் 'கூஸ்'. வான்கோழியில் ஆண் 'டாம்', பெண் 'ஹென்'.

மற்றவை

குதிரையில் பொலிக்கு உள்ள ஆண் 'ஸ்டாலியன்', பெண் 'மேர்', காயடித்த ஆண் 'கெல்டிங்'. இளம் ஆண் 'கோல்ட்', இளம் பெண் 'ஃபில்லி'. கழுதையில் ஆண் 'ஜாக்', பெண் 'ஜென்னி'. தேனீயில் முட்டையிடுவது 'குயின்', ஆண் 'ட்ரோன்'. உழைக்கும் பணித் தேனீக்கள் 'வொர்க்கர்', அவையும் பெண்தான். வயலில் மருந்து தெளிக்கும் பறக்கும் கருவிக்கும் ஆண் தேனீயின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நம்மிடம் இல்லாததா?

இத்தனை சொற்களைப் பார்த்து ஆங்கிலம் வளமானது, தமிழ் குறைந்தது என்று எண்ண வேண்டியதில்லை. தொல்காப்பியத்தில் மரபியல் என்ற பகுதியே விலங்கு, பறவைகளின் இளமைப் பெயர், ஆண் பெயர், பெண் பெயர் ஆகியவற்றை வரிசைப்படுத்துவதில்தான் தொடங்குகிறது. ஆட்டுக் கிடாவுக்கு மட்டும் மோத்தை, தகர், உதள், அப்பர் என்று நான்கு பெயர். பெட்டை ஆட்டுக்கு மூடு, கடமை. எருமை, மாடு ஆகியவற்றின் பெண்ணுக்கு நாகு. ஆண் யானைக்குக் களிறு, பெண் யானைக்குப் பிடி. ஆங்கிலத்தில் யானைக்குத் தனிப் பெயர் கிடையாது. மாட்டின் பெயரைக் கடன் வாங்கி ஆண் யானையை புல் என்றும் பெண் யானையை கௌ என்றும் சொல்கிறார்கள்.

காரணம் எளிது. எந்தப் பிராணியோடு மக்கள் கூடிப் பிழைத்தார்களோ அதற்குச் சொல் பெருகும். இங்கிலாந்துக் குடியானவனுக்கு மாடும் செம்மறியும் பிழைப்பு. யானை அவன் கண்ணில் படாதது. கிடாரி, தலையீற்று, காளைக் கன்று, காயடித்த மாடு, வற்றிய மாடு, வெடைக்கோழி என்று நம் வீட்டில் பேசும் சொற்கள் ஒவ்வொன்றும் அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்கின்றன. அலுவலக வாசலில் போய் நின்றதும் நாம் அவற்றை விட்டுவிட்டு வெறும் 'மாடு', 'ஆடு' என்று சொல்வதுதான் பிழை.

கையெழுத்துக்கு முன்

1. பிராணியைச் சொல்லும்போது முழுப் பெயராகச் சொல்லுங்கள். 'மாடு' என்னாமல், 'ஈனாத கிடாரி, ஏழு மாதச் சினை' என்று சொல்லுங்கள். 'உழவு மாடு, காயடித்தது' என்று சொல்லுங்கள்.

2. எழுதி முடித்ததும், "என்ன எழுதியிருக்கிறீர்கள், படித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். கடன் உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

3. ஈற்று எண்ணிக்கை, பல் வயது, நிறம், கொம்பு, சுழி ஆகிய அடையாளங்கள் சரியாக உள்ளனவா என்று ஒப்பிடுங்கள்.

4. காது வில்லையின் எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். இப்போது போடும் வில்லையில் 12 இலக்கம் இருக்கும். வில்லை விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து மாற்றிக் கொள்ளுங்கள். வில்லை இல்லாமல் காப்பீட்டுப் பணம் கேட்பது மிகவும் கஷ்டம்.

5. கிடாரி ஈன்றுவிட்டால், காளையைக் காயடித்துவிட்டால், அதன் ஆங்கிலப் பெயரும் மாறிவிடுகிறது. காப்பீட்டு அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.

வெட்டி வைத்துக் கொள்ள

ஈனாத பெண் மாடு: ஹெஃபர். ஈன்றது: கௌ.
காயடிக்காத ஆண் மாடு: புல். காயடித்தது: புல்லக், ஆக்ஸ், ஸ்டியர்.
ஆணோடு இரட்டையாய்ப் பிறந்த பெண் கன்று: ஃப்ரீமார்ட்டின்.
வெள்ளாடு: பக், டோ, கிட்.
செம்மறி: ரேம், யூ, லேம். காயடித்த கிடா: வெதர்.
பன்றி: போர், சௌ. ஈனாதது கில்ட், காயடித்தது பேரோ.
கோழி: காக், ஹென். இளஞ்சேவல் காக்கரெல்; வெடைக்கோழி புல்லட்.
வாத்து: டிரேக், டக்.

பெரியப்பா அடுத்த வருஷம் மறுபடியும் ஒரு கிடாரி பிடித்தார். படிவம் எழுத வந்தவர் பேனாவைத் திறந்ததும், "கிடாரிங்க, இன்னும் ஈனலை. ஹெஃபர்னு எழுதுங்க" என்றார். எழுதியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே எழுதினார். அந்தக் கிடாரி ஈன்று, கௌ ஆகி, நான்கு கன்று போட்டது.